ஹெக்டர் ஏன் ஓடினான்? இலியட் படித்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

நடைவாசி:

மூன்று மாதமாக இலியட் (கிரேக்கர்கள் ட்ராய் நகரத்தை முற்றுகையிட்ட போரைப் பற்றி ஹோமர் பாடிய பழைய கிரேக்கக் காவியம்) படித்துக்கொண்டிருக்கிறேன், உரைநடை மொழிபெயர்ப்புதான். 15,000 அடிக்கு மேல் இருக்கிற காவியத்தை ராத்திரிக்குப் பத்துப் பக்கம் என்று ஓட்டினால் இப்படித்தான், இப்போதுதான் 22ஆம் காண்டத்துக்கு வந்திருக்கிறேன். வந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்துப்போனவன் ட்ராய் இளவரசன் ஹெக்டர்தான். 6ஆம் காண்டத்தில் சண்டைக்கு நடுவே ஊருக்குள் வருகிறான், மனைவி கைக்குழந்தையோடு எதிரே வருகிறாள், பிள்ளை இவன் தலைக்கவசத்தில் ஆடுகிற குதிரைமயிர்க் குஞ்சத்தைப் பார்த்து அலறுகிறது, இவன் சிரித்துக்கொண்டே கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குகிறான். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். அப்படிப்பட்ட ஆள் 22இல், மற்றவர்கள் எல்லாரும் கோட்டைக்குள் போய்விட்ட பிறகு, தனியாக வாசலில் நிற்கிறான். கிரேக்கர்களின் பெரிய வீரன் அக்கிலீஸ் கிட்டே வந்ததும் உடம்பு நடுங்குகிறது. ஓடுகிறான். நாலடி ஓட்டம் இல்லை, கோட்டையையே மூன்று சுற்று, ஊரே மதில்மேல் நின்று பார்க்கப் பார்க்க.

இதை ஏன் இவ்வளவு மனசில் போட்டுக்கொள்கிறேன் என்றால், போன மாதம் நடந்த ஒன்று. ராத்திரி ஒன்பதரை மணி டவுன் பஸ். குடித்திருந்த ஒருவன் சில்லறைக்காகக் கண்டக்டரிடம் வாய்த்தகராறு ஆரம்பித்துச் சட்டையைப் பிடித்துவிட்டான். கண்டக்டர் வயதானவர், ஒல்லி. தோல்பை தோளிலிருந்து நழுவி, காசெல்லாம் படியில் உருண்டது. நான் மூன்றாவது சீட். எழுந்து போய்த் தடுக்கவேண்டும் என்றுதான் எழுந்தேன், சத்தியமாக. ஆனால் எழுந்த கால் முன்னால் போகவில்லை. பின்படி வழியாக இறங்கிவிட்டேன். என் ஸ்டாப்புக்கு இன்னும் மூன்று ஸ்டாப் இருந்தது. நடந்தே வீட்டுக்குப் போய், ஏன் லேட் என்று கேட்ட மனைவியிடம் பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

அதனால் கேட்கிறேன். ஹெக்டர் கோழையா? தைரியம் என்பது பிறவியிலேயே வருகிறதா, இல்லை வளர்த்துக்கொள்ள முடியுமா? அறிவுரை வேண்டாம், படித்தவர்கள் படித்ததைச் சொன்னால் போதும்.


ஏட்டுச்சுரைக்காய்:

நண்பரே, நீங்கள் தேடுகிற பதில் நீங்கள் இரண்டு தடவை படித்த அதே பக்கத்தில் இருக்கிறது. மனைவி ஆண்ட்ரமகி அழுகிறாள், போகாதே, அந்த அத்திமரத்துப் பக்கம்தான் மதில் பலவீனம், படையை அங்கே நிறுத்து என்கிறாள் (சும்மா அழவில்லை பாருங்கள், போர்த் திட்டமே சொல்கிறாள்). அதற்கு ஹெக்டர் சொல்கிற பதிலில் ஒரு வரி: எப்போதும் வீரனாக இருக்கவும் முன்வரிசையில் நின்று சண்டைபோடவும் நான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்றுதான் மூலத்திலும் இருக்கிறது. பிறந்தேன் என்று இல்லை. கற்றுக்கொண்டது எதுவாக இருந்தாலும் ஒரு நாள் மறந்துபோகும், நாற்பது வருஷம் சைக்கிள் ஓட்டியவனும் ஒரு நாள் சாக்கடையில் விழுகிறான் இல்லையா.

அடுத்து, ஹோமரில் பயப்படாத மனிதன் என்று யாரையாவது தேடிக்கண்டுபிடியுங்கள் பார்ப்போம். 7ஆம் காண்டத்தில் ஒற்றைக்கு ஒற்றை வரச்சொல்லி ஹெக்டர் கூப்பிடுகிறான், கிரேக்கப் படை மொத்தமும் கப்சிப், கிழவர் நெஸ்டர் எழுந்து திட்டிய பிறகுதான் ஒன்பது பேர் முன்வருகிறார்கள். சீட்டுக் குலுக்கிப்போட்டு அஜாக்ஸ் வருகிறான், வருகிறவனைப் பார்த்துக் கூப்பிட்ட ஹெக்டருக்கே நெஞ்சு படபடக்கிறது. 11ஆம் காண்டத்தில் அஜாக்ஸ் பின்வாங்குகிறான், அதற்கு ஹோமர் சொல்லும் உவமை வயலில் புகுந்த கழுதை. பையன்கள் கம்பு முறிய முறிய அடிக்கிறார்கள், அது பாட்டுக்கு வயிறு நிறைய மேய்ந்துவிட்டுத்தான் நகர்கிறது. பின்வாங்குவதற்கே இப்படி ஒரு அழகு உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஓட்டத்துக்கு வருவோம். அந்த ஓட்டத்தை ஹோமர் எப்படிச் சொல்கிறார் என்று கவனித்தீர்களா? காவல்மேட்டைத் தாண்டி, காற்றில் ஆடும் அத்திமரத்தைத் தாண்டி, வண்டிப்பாதையில் ஓடி, ஸ்கமாண்டர் ஆற்றின் இரண்டு ஊற்றுகளுக்கு வருகிறார்கள். ஒன்றில் தண்ணீர் சுடச்சுட ஆவி பறக்கிறது, இன்னொன்றில் கோடையிலும் ஆலங்கட்டி மாதிரி சில்லென்று இருக்கிறது. பக்கத்திலேயே துணி துவைக்கிற கல்தொட்டிகள். கிரேக்கர்கள் வருவதற்கு முன்னால், சமாதான காலத்தில், ட்ராய் பெண்கள் அங்கேதான் துவைத்தார்கள் என்கிறார். உயிருக்கு ஓடுகிற ஒருவனைக் காட்டும்போது எதற்கு ஐயா துணி துவைக்கிற தொட்டி? நான் இதைப் படித்துப் பல வருஷம் ஆகிறது, சண்டைக்காட்சிகள் பாதி மறந்துவிட்டன, அந்தத் தொட்டி மட்டும் மறக்கவில்லை. கோழையைக் கேலி செய்கிற கவிஞன் அப்படி எழுதமாட்டான்.

எனவே என் பதில்: கோழை இல்லை. பஸ் விஷயம் எனக்குத் தெரியாது.


பிரஸ்காரன்:

மேலே சார் ஓட்டத்தைப் பற்றி அழகாக எழுதிவிட்டார். எனக்கு ஓட்டத்தில் சந்தேகமே கிடையாது. அதற்கு முன்னால் வாசலில் நின்றானே, அதுதான் தப்பு. எல்லாரும் அதை வீரம் என்கிறார்கள், நான் அதைப் பயம் என்பேன், சொல்கிறேன் கேளுங்கள்.

முந்தின நாள் ராத்திரி, 18ஆம் காண்டத்தில், பாலிடமஸ் என்று ஒருத்தன் எழுந்து சொல்கிறான்: போரைவிட்டு ஒதுங்கியிருந்த அக்கிலீஸ் திரும்ப வந்துவிட்டான், இனி வெளியில் நிற்கவேண்டாம், இப்போதே கோட்டைக்குள் போய்விடுவோம். இந்தப் பாலிடமஸும் ஹெக்டரும் ஒரே ராத்திரியில் பிறந்தவர்கள். ஒருத்தனுக்குப் பேச்சு, ஒருத்தனுக்கு ஈட்டி. ஹெக்டர் அவனை முறைத்துவிட்டு, வெளியிலேயே இருப்போம் என்கிறான், கூட்டம் கைதட்டுகிறது. மறுநாள் அக்கிலீஸ் பாதிப் படையை ஆற்றில் வெட்டிப் போட்டுவிட்டான். இப்போது வாசலில் நிற்கிற ஹெக்டர் மனசுக்குள் என்ன ஓடுகிறது? நான் உள்ளே போனால் பாலிடமஸ்தான் முதலில் திட்டுவான். என்னைவிடக் கீழானவன் எவனாவது, இவன் தன் பலத்தை நம்பி ஊரைக் கெடுத்தான் என்பான். அதற்கு இங்கேயே செத்துப்போகலாம்.

இதில் விஷயம் என்னவென்றால், பாலிடமஸ் அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைத் தன் தலைக்குள் உட்காரவைத்துப் பேசவிட்டது ஹெக்டர்தான். மதில்மேலிருந்து நிஜமாகக் குரல் கொடுத்தது இரண்டே பேர், அப்பாவும் அம்மாவும். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான், உள்ளே வா. 

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அச்சகம் வைத்திருந்தவன். பில் புக், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை. ஒரு ஆஃப்செட் மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது கடன் வாங்கி இரண்டாவதாகப் பழைய மெஷின் ஒன்று வாங்கப்போனேன். என்னோடு அச்சு கோக்கிற காலத்திலிருந்து இருந்த நண்பன், வேண்டாம்டா, எல்லாம் கம்ப்யூட்டர், ஃபிளக்ஸ் என்று போய்க்கொண்டிருக்கிறது, இந்தப் பணத்தை அதில் போடு என்றான். ஊழியர்கள் முன்னால் அவனைக் கிண்டல் செய்து அனுப்பினேன், அவர்களும் சிரித்தார்கள். அந்த மெஷின் வந்த எட்டாவது மாதமே தெரிந்துவிட்டது. மூன்று வருஷம் விற்காமல் வைத்திருந்தேன். வட்டி ஒரு பக்கம், மெஷின்மேல் தார்ப்பாய் ஒரு பக்கம். வீட்டுக்காரி தினமும் சொல்வாள், வித்துத் தொலைங்க என்று. விற்றால் அவன் சொன்னது சரியாகிவிடுமே! அவன் ஜெயித்துவிடுவானே! வெளியில் பார்ப்பவர்கள், என்ன தைரியமய்யா இந்த மனுஷனுக்கு, அசரவே இல்லை என்றார்கள். தைரியமா அது? ஒரே ஒரு ஆள் முகத்தைப் பார்க்கப் பயம்.

கடைசியில் இரும்பு விலைக்குத்தான் போனது. அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் டீ சொல்லிவிட்டு, பழைய ரோலர் ஏதாவது எடுத்து வைத்தாயா என்று கேட்டான், அவ்வளவுதான்.

ஆகவே நடைவாசி, நீங்கள் இறங்கியது பெரிய விஷயம் இல்லை. பஸ் கிடைக்கவில்லை என்று வீட்டில் சொன்னீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. அறிவுரை வேண்டாம் என்றீர்கள், மன்னிக்கவும்.


எதிர்க்கட்சி:

எல்லாரும் சேர்ந்து இலியட்டைத் தன்னம்பிக்கை வகுப்பாக்கிவிட்டீர்கள். இது ஆட்களை வெட்டுகிற கதை. 21இல் லைகயோன் என்கிற ட்ராய்ப் பையன் ஆயுதம் இல்லாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறான். உன்னைவிட எவ்வளவோ நல்லவன் பட்ரோக்ளஸே (அக்கிலீஸின் உயிர்நண்பன்) செத்துவிட்டான், நீயும் சாகவேண்டியதுதானே நண்பா என்று சொல்லி அக்கிலீஸ் வெட்டுகிறான், பிணத்தை ஆற்றில் வீசுகிறான். பட்ரோக்ளஸ் சிதையில் 12 ட்ராய் இளைஞர்களைக் கொன்று போடுகிறான். இதில் எந்தப் பாடத்தை நான் என் வீட்டுக்கு எடுத்துப்போவது? நீங்கள் உருகுகிற ஹெக்டரும் அப்படித்தான். பட்ரோக்ளஸை முதலில் அப்பல்லோ என்கிற தெய்வம் முதுகில் அறைந்தான், பிறகு யூஃபார்பஸ் என்கிற ட்ராய் வீரன் ஈட்டியால் குத்தினான், மூன்றாவதாக வந்து முடித்தவன் ஹெக்டர். சாகிறவனே அதைச் சொல்லிக்காட்டிவிட்டுத்தான் சாகிறான்.

ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசி 11ஆம் காண்டத்தில், ட்ராய் போர் முடிந்து ஊர் திரும்புகிற ஒடிஸியஸ் செத்தவர்கள் உலகத்தில் அக்கிலீஸைப் பார்க்கிறான். நீ இங்கேயும் ராஜாதானே என்று முகஸ்துதி செய்கிறான். அக்கிலீஸ் சொன்ன பதில்: செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, நிலம்கூட இல்லாத ஏழை ஒருவனிடம் கூலிவேலை பார்த்தாவது உயிரோடு இருப்பேன். நீண்ட ஆயுளா, நிலைத்த புகழா என்று அவன் முன்னால் இரண்டு வழி இருந்தது, புகழின் வழியில் போனவன் பேசுகிற பேச்சு இது.

பிரஸ்காரருக்கு ஒன்று. வெட்கம் எப்போதும் கெட்டது என்று சொல்லாதீர்கள். 7ஆம் காண்டத்தில் நெஞ்சு படபடத்த அன்றைக்கு ஹெக்டரை ஓடாமல் நிறுத்தியது எது? நாமே கூப்பிட்டோமே, இப்போது எப்படித் திரும்புவது என்கிற அதே வெட்கம்தான். ஒரு நாள் அது அவனைக் காப்பாற்றியது, இன்னொரு நாள் கொன்றது.

பஸ்ஸில் நீங்கள் இறங்கியது புத்திசாலித்தனம். அவன் இடுப்பில் என்ன வைத்திருந்தான் என்று யாருக்குத் தெரியும்.


செம்பருத்தி:

நீங்கள் 22இல் நிற்கிறீர்கள் தம்பி, இன்னும் இரண்டு காண்டம்தான். தயவுசெய்து 24ஐ முடித்துவிட்டு வாருங்கள். என் கணக்கில் அந்தக் காவியத்திலேயே பெரிய தைரியசாலி ஈட்டி பிடிக்காத ஒரு கிழவர்.

ஹெக்டரின் அப்பா, ட்ராய் அரசர் பிரியாம். மகனைக் கொன்ற அக்கிலீஸ், அந்த மகனின் பிணத்தைத் தேரில் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறான். பிணத்தைக் கேட்டு வாங்க ராத்திரியில் எதிரியின் பாசறைக்குப் போகிறார், கூட ஒரே ஒரு வயதான வண்டிக்காரர். கோவேறு கழுதை வண்டி நிறையத் துணி, 10 தாலந்து (பழங்கால எடை) தங்கம், ஒரு அருமையான திரேஸ் நாட்டுக் கிண்ணம். அவர் மனைவி, கிழவி ஹெகுபா, உன் புத்தி எங்கே போயிற்று என்று கத்துகிறாள். வழியில் ஆற்றங்கரை இருட்டில் ஒரு உருவம் தெரிந்ததும் அவருக்கு உடம்பு முடியெல்லாம் குத்திட்டு நிற்கிறது. (அது துணைக்கு வந்த ஹெர்மிஸ் தெய்வம், அவருக்குத் தெரியாது.) உள்ளே போய் அக்கிலீஸின் முழங்காலைப் பிடித்து, தன் பிள்ளைகளை, ஒருவனை இல்லை, பலரைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிடுகிறார். உன் அப்பாவை நினைத்துப்பார் என்கிறார். இரண்டு பேரும் அழுகிறார்கள். நடுவில் அக்கிலீஸுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது, என்னைக் கிளறாதே கிழவா என்கிறான், இவர் பயந்து உட்கார்ந்துவிடுகிறார். தைரியசாலி பயந்து உட்கார்ந்தார், ஆனால் எழுந்து போகவில்லை. அப்புறம் அக்கிலீஸ் அவரைச் சாப்பிடச் சொல்கிறான்.

அந்தச் சாப்பாட்டைப் படிக்கும்போது எனக்கு என் அம்மா ஞாபகம். நிலத் தகராறில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பதினோரு வருஷம் பேச்சு இல்லை, கேஸ் நடந்த காலத்தில் பெரியப்பா அம்மாவைச் சந்தியில் நிறுத்திச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அந்த வீட்டில் பச்சைத்தண்ணி குடிக்கமாட்டேன் என்று அம்மாவும் சொல்லியிருந்தார். தாத்தா இறந்தபோது மூத்தவர் வந்துதான் கொள்ளி வைக்கவேண்டும், யார் போய்ச் சொல்வது? அப்பா திண்ணையைவிட்டு எழவே இல்லை. அம்மா அத்தை பையனின் டிவிஎஸ் 50இல் பின்னால் உட்கார்ந்து போனார், நானும் சைக்கிளில் பின்னாலேயே போனேன், எனக்கு அப்போது பதினான்கு வயசு. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கேட் ஆடியது, அவ்வளவு நடுக்கம். பெரியப்பா வெளியே வந்து ஒன்றும் பேசாமல் நின்றார். அம்மா, தாத்தா இறந்த சேதியைச் சொல்லவில்லை, அழவும் இல்லை. "கொஞ்சம் தண்ணி குடுங்க மாமா" என்றார்.

பெரியம்மா சொம்பில் கொண்டுவந்தார். அம்மா அண்ணாந்து குடித்தார், பாதி கழுத்தில்தான் வழிந்தது. பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்துவிட்டார்.

நிலக் கேஸ் அதற்கப்புறமும் நடந்தது, அது வேறு. இலியட்டிலும் அப்படித்தானே, ஹெக்டரை அடக்கம் செய்ய 11 நாள் சண்டை நிறுத்தம், 12ஆம் நாள் தேவைப்பட்டால் சண்டை என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.


சாக்பீஸ்:

யாரும் ஒடிஸியஸின் மகன் டெலிமாக்கஸைச் சொல்லவில்லையே! ஒடிசி 2ஆம் காண்டம். ஒடிஸியஸ் ஊரைவிட்டுப் போய் இருபது வருஷம் ஆகப்போகிறது, அம்மாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து உட்கார்ந்த 108 பேர் வீட்டு ஆடுமாடுகளைத் தின்று தீர்க்கிறார்கள். பையன் ஊர்க்கூட்டம் கூட்டுகிறான். அப்பா போனதிலிருந்து அந்த ஊரில் கூட்டமே நடந்ததில்லை. எழுந்து பேசுகிறான், நன்றாகத்தான் ஆரம்பிக்கிறான், பேசிக்கொண்டே போனவன் செங்கோலைத் தரையில் எறிந்துவிட்டு அழுதுவிடுகிறான். ஊரே பரிதாபமாகப் பார்க்கிறது. அந்த 108 பேரில் ஒருவனான ஆண்டினஸ் எழுந்து, தப்பு எங்கள்மேல் இல்லை, உன் அம்மாமேல்தான் என்கிறான். கூட்டம் ஒன்றும் முடிவு செய்யாமல் கலைகிறது. முழுத் தோல்வி. பையன் கடற்கரைக்குப் போய்க் கடல்தண்ணீரில் கை கழுவி, ஏதீனா தேவியைக் கும்பிடுகிறான். அன்று ராத்திரியே 20 துடுப்புக்காரர்களோடு அப்பாவைப் பற்றி விசாரிக்கக் கப்பல் ஏறிவிடுகிறான்.

நான் வாத்தியார். எங்கள் பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒரு கிராம சபையில் பேச எழுந்து, இரண்டு நிமிஷத்தில் தொண்டை அடைத்துப்போய், கண்ணில் தண்ணீர் வந்து, மைக்கை பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவன். மறுநாள் எட்டாம் வகுப்புப் பையன்கள் என்னைப் பார்த்து நடித்துக்காட்டினார்கள், நன்றாகவே நடித்தார்கள். அடுத்த கிராம சபைக்குப் பேப்பரில் எழுதிக்கொண்டு போனேன். தண்ணீர் இன்னும் வரவில்லை. நாலாவது கூட்டம் வரப்போகிறது.

எதிர்க்கட்சி நண்பருக்கு: அக்கிலீஸ் செத்தவர்கள் உலகத்தில் அப்படிச் சொன்னான், சரி. அதற்கு அடுத்து என்ன கேட்டான்? என் மகன் எப்படி இருக்கிறான், போரில் முன்னால் நின்றானா என்று கேட்டான். ஒடிஸியஸ் ஆமாம் என்றதும் சந்தோஷமாகக் காலை எட்டிப்போட்டு நடந்து போய்விட்டான். முழுசாகப் படியுங்கள் சார்.


எதிர்க்கட்சி:

படித்திருக்கிறேன். அதுதான் இன்னும் சோகம்.


நடைவாசி:

எல்லாருக்கும் நன்றி. 24 முடித்துவிட்டேன். செம்பருத்தி அக்கா, கிழவர் வண்டியில் திரும்பி வருகிற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மாடியில் நடந்தேன்.

பிரஸ்காரர் சொன்னதில் எனக்குக் கோபம் வந்தது, இரண்டு நாள் பதில் போடாததற்கு அதுதான் காரணம். அப்புறம் வீட்டில் சொன்னேன். மனைவி முதலில் கேட்டது, அந்தக் கண்டக்டருக்கு என்ன ஆச்சு என்று. எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளில் நான் அதை யோசிக்கவே இல்லை, என்னைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று ஒன்பதரை பஸ்ஸில் அவரே வந்தார். சரியாகச் சில்லறை கொடுத்தேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தவரைக் கூப்பிட்டு, "அன்னைக்குத் தகராறில் உங்களுக்கு அடி எதுவும் படலையே?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "எந்த அன்னைக்கு சார்?" என்றார்.